கூட்டத்துக்கும் முகம் உண்டு! லோயர் கேம்ப் வீதியில் ஒரு பென்சில்

பொழுது இன்னும் புலரவில்லை. மலைமுகட்டில் பனி மூடிக் கிடக்கிறது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் சில ஜீப்புகள் நிற்கின்றன. சில நிற்காமலே மலைப்பாதையில் ஏறுகின்றன.

ஜீப்புக்குள் பெரும்பாலும் பெண்கள். புடவைக்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. மடியில் தூக்குச்சட்டி. மழைக்கு மூடிக்கொள்ள மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குகிறார்கள்.

இவர்கள் எங்கே போகிறார்கள்?

ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். மலைக்கு மேலே கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. அங்கே ஏலக்காய் பறிக்கவும், களை எடுக்கவும், மருந்து அடிக்கவும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தேனி மாவட்டத்திலிருந்தே தினமும் போகிறார்கள். போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் ஒரு பகுதியினர் போகிறார்கள். குமுளி வழியாகப் போகிறவர்கள் லோயர் கேம்ப்பைக் கடந்துதான் ஆகவேண்டும்.

"இன்று காலையில் எத்தனை பேர் போனார்கள்?" என்று கேட்டால் யாராவது ஓர் எண்ணிக்கை சொல்லிவிடலாம்.

"யார் யார் போனார்கள்?" என்று கேட்டால்?

பதில் கிடைப்பது கடினம். கூட்டத்தை எண்ணுவதற்கு ஆட்கள் உண்டு. கூட்டத்தைப் பார்ப்பதற்கு ஆட்கள் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. அது இப்போது மறுபடியும் உலகெங்கும் பரவி வருகிறது. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு வீதியில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிகிற ஜனங்களை அங்கேயே படமாகப் போடுவதுதான் அந்த வழி!

முகாம் ஊரான கதை

லோயர் கேம்ப் என்ற பெயருக்குக் 'கீழ் முகாம்' என்று பொருள். கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கிருந்து சாலை வளைந்து வளைந்து குமுளிக்கு ஏறுகிறது. குமுளிதான் மாநில எல்லை.

மலைக்கு மேலே முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. 1887-ல் வேலை தொடங்கியது. 1895-ல் அணை திறக்கப்பட்டது. வேலையை நடத்தியவர் ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் இறுதியில், அதே நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருகின்றன. அவற்றின் அடியில் பெரியாறு மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் கொடுத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் முல்லையாறாக ஓடி, பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகை அணைக்குப் போகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்த நீரை நம்பியிருக்கின்றன.

ஊர் சிறியதுதான். ஆனால் வந்து போகிற கூட்டமோ பெரியது. மாநகரத்துக்குப் போகிற தண்ணீரும், மாநகரத்திலிருந்து வருகிற ஜனங்களும் சந்திக்கிற இடம் இது. பட்டணத்து வீதியில் காண்கிற நெரிசலை, வருஷத்தில் சில நாட்களில், இந்த மலையடிவாரத்திலேயே காணலாம்.

ஒரே வீதி, பல கூட்டங்கள்

லோயர் கேம்ப்பில் கூடும் கூட்டம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாதத்துக்கு மாதம் மாறும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்பப் பக்தர்கள் கூட்டம். கறுப்பு வேட்டி, நீல வேட்டி, கழுத்தில் மாலை. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகத்திலிருந்தும் பஸ்களும் வேன்களும் வருகின்றன. நெரிசல் மிகுந்தால் போலீசார் ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பமெட்டு வழியாக ஏறும். திரும்பும் வண்டிகள் குமுளி வழியாக இறங்கி, லோயர் கேம்ப்புக்கு வரும்.

தை பிறந்ததும் வேறு கூட்டம். ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். அவர் பிறந்தது 1841-ல். இங்கே அவருக்கு மணிமண்டபம் கட்டப்பட்டு, 2013 ஜனவரி 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் திறந்து வைக்கப்பட்டது. பொங்கலை ஒட்டிவரும் அந்த நாளில் விவசாயக் குடும்பங்கள் வருகின்றன. பொங்கல் வைக்கிறார்கள். சிலைக்கு மாலை போடுகிறார்கள். வெள்ளைக்கார எஞ்சினீயருக்குத் தமிழ்க் கிராமத்துப் பெண்கள் பொங்கல் வைத்துக் குலவை இடும் காட்சி எளிதில் காணக் கிடைப்பது அல்ல!

சித்திரை மாதத்துப் பௌர்ணமி அன்று இன்னொரு கூட்டம். மலைமேல் தமிழக, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்கு அனுமதி. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப்புக்கு அருகே உள்ள பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறவேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும் தாய்மாரும் உண்டு. கம்பை ஊன்றி ஏறும் முதியவர்களும் உண்டு.

இவை எல்லாம் திருவிழாக் கூட்டங்கள். கோபத்தோடு கூடிய கூட்டமும் உண்டு.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியது. அணை பழையது, ஆபத்தானது, புதிய அணை கட்ட வேண்டும் என்று கேரளத்தில் குரல் எழுந்தது. அணை உறுதியாகவே இருக்கிறது என்று தமிழகம் சொன்னது. ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. பலர் காட்டு வழியே ஊர் திரும்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆயிரமாயிரம் ஜனங்கள் வீதிக்கு வந்து குமுளியை நோக்கி நடந்தார்கள். போலீசார் லோயர் கேம்ப் பகுதியில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். எல்லையில் போக்குவரத்து நின்றது. ஊரடங்கிய வீதிகளில் நாட்கள் கழிந்தன.

பின்னர் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. ஆனாலும் இரு மாநிலங்களுக்கும் இடையே வாதம் ஓய்ந்தபாடில்லை.

கோபக் கூட்டம் நடந்த அதே வீதியில்தான் பக்திக் கூட்டமும் நடக்கிறது. அதே வீதியில்தான் கூலிக் கூட்டமும் போகிறது. இவற்றில் எது செய்தி ஆகிறது? எது ஆவதில்லை?

திருவிழா செய்தி ஆகிறது. போராட்டம் செய்தி ஆகிறது. தினமும் விடியற்காலையில் போகும் ஜீப்போ கவிழ்ந்தால்தான் செய்தி ஆகிறது!

படம் போட்டுச் செய்தி சொன்ன காலம்

பத்திரிகைகளில் போட்டோ அச்சிட வசதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது கூட்டத்தைக் காட்டியது ஓவியரின் கைதான்.

1842-ல் லண்டனில் படங்களுக்காகவே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். அதன் பெயர் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்'. யுத்தம் நடந்தாலும், ஊர்வலம் நடந்தாலும், அந்தப் பத்திரிகை ஓவியர்களை அனுப்பும். அவர்கள் அங்கேயே படம் போட்டு அனுப்புவார்கள். அதை மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஓவியர்களில் ஒருவர் கான்ஸ்டன்டின் கீஸ். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமிய யுத்தத்தை நேரில் பார்த்துப் படம் போட்டவர். யுத்தம் முடிந்த பிறகும் அவர் கை ஓயவில்லை. பாரிஸ் நகரத்து வீதிகளில் சுற்றினார். குதிரை வண்டிகள், சிப்பாய்கள், நாகரிகச் சீமாட்டிகள், ஏழைப் பெண்கள் எல்லோரையும் வேகமாகக் கிறுக்கித் தள்ளினார். போதலேர் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1863-ல் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நவீன நகரத்தின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அறிய வீதியில் ஓடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

காமிரா வந்தது. பத்திரிகை ஓவியரின் வேலை குறைந்தது. ஆனால் அழியவில்லை.

2007-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்று அதற்குப் பெயர். நகர வீதிகளைப் படம் போடுகிறவர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குள் சில விதிகள் உண்டு. போட்டோவைப் பார்த்து வரையக்கூடாது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரைய வேண்டும். கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும். இன்று இந்தப் பழக்கம் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது புதியதும் அல்ல. விகடன் பத்திரிகையில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசைக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தார். தஞ்சாவூரில் பிறந்த கோபுலு, கல்யாண வீடு, கச்சேரி, கிராமத்துத் திண்ணை என்று நம் ஜனங்களின் நடை உடை பாவனைகளைக் கோடுகளில் பிடித்தார். 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்கு அவர் போட்ட படங்களை மூத்த வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை.

மதுரையை மறக்காத கண்கள்

லோயர் கேம்ப்பின் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்களில் பெரியது மதுரை. அந்த மதுரைக்கு ஓர் அரிய ஓவியர் கிடைத்தார். அவர்தான் மனோகர் தேவதாஸ்.

1936-ல் மதுரையில் பிறந்தவர். தொழிலால் அவர் ரசாயன நிபுணர். சென்னையில் உத்தியோகம். ஆனால் மனம் எல்லாம் மதுரை வீதிகளில். மீனாட்சி அம்மன் கோயிலின் கோபுரங்கள், அவற்றைச் சுற்றிய வீதிகள், திருமலை நாயக்கர் மகால், யானைமலை, வைகை ஆறு ஆகியவற்றைக் கறுப்பு மையில், மயிரிழை போன்ற கோடுகளால் வரைந்தார்.

விதி அவரிடம் விளையாடியது. விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் நோய் வந்தது. இந்த நோய் வந்தவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதுவும் வரவரக் குறுகும்.

அது போதாதென்று 1972-ல் ஒரு கார் விபத்து நேர்ந்தது. அவருடைய மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போயிற்று.

வேறொருவராக இருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். மனோகர் வைக்கவில்லை. மனைவியைக் கவனித்துக்கொண்டார். மிஞ்சிய பார்வையைக் கொண்டு வரைந்தார். தம் இளமைக்கால மதுரையைப் பற்றிய புத்தகம் 1997-ல் வந்தது. அவருடைய மதுரைச் சித்திரங்களைக் கொண்ட புத்தகம் 2007-ல் வந்தது. 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அவர் காலமானார்.

அவர் வரைந்த மதுரையில் சில பகுதிகள் இன்று அப்படியே இல்லை. வீடுகள் மாறின. வீதிகள் மாறின. ஆனால் படம் இருக்கிறது. ஒரு ஊரை ஒருவர் பொறுமையாகப் பார்த்தார் என்பதற்கு அது சாட்சி.

மதுரைக்கு அப்படி ஒரு சாட்சி கிடைத்தது. அந்த மதுரைக்குத் தண்ணீர் அனுப்பும் லோயர் கேம்ப்புக்கு?

காமிரா இருக்கப் பென்சில் எதற்கு?

"எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போட்டோ. அப்புறம் எதற்குப் பென்சில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

போட்டோ எடுக்க ஒரு நொடி போதும். எடுத்தவர் நகர்ந்துவிடுவார். எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதும் அபூர்வம். படம் போடுகிறவரால் அப்படி நகர முடியாது. அரை மணி நேரமாவது அங்கே உட்கார வேண்டும். அந்த அரை மணியில் அவர் கண்ணுக்குப் பல சங்கதிகள் தெரிய வரும்.

ஒரு ஜீப்பை வரைவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வண்டியை வரைவார். பிறகு உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராக வரைய வேண்டும். ஒருவர், இருவர், மூவர்... பக்கத்தில் இடம் போதாது. ஒருத்தியின் முழங்கால் இன்னொருத்தியின் முதுகில் இடிக்கிறது. ஒரு கை வெளியே தொங்குகிறது. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான்.

காகிதத்தில் இடம் போதவில்லை என்றால், ஜீப்பிலும் இடம் போதவில்லை என்று பொருள்! அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பென்சிலே சொல்லிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. செல்போனை நீட்டினால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். நோட்டில் படம் போடுகிறவரைக் கண்டால் பக்கத்தில் வருவார்கள்.

"என்ன தம்பி, எங்களையா படம் போடுறே?" என்று ஒரு பாட்டி கேட்பார்.

"ஆமா பாட்டி. இது நீங்கதான், பாருங்க" என்பான் பையன்.

"அய்ய! என் மூக்கு இம்புட்டுப் பெரிசா?" என்று சிரிப்பார் பாட்டி. அப்புறம் பேச்சு வளரும். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு எழுந்தார், வீட்டில் யார் சமைத்தது என்றெல்லாம் தெரிய வரும். அதுவரை கூட்டத்தில் ஒரு தலையாக இருந்தவர் ஒரு மனுஷி ஆகிவிடுவார்.

காமிராவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விபத்துக்குச் சாட்சி வேண்டுமானால் போட்டோதான் வேண்டும். அவசரத்துக்கும் அதுதான் உதவும். ஆனால் பார்க்கப் பழகுவதற்குப் பென்சிலுக்கு இணை இல்லை.

எண்ணிக்கையும் முகமும்

இதனால் நாட்டுக்கு என்ன லாபம்? லாபம் உண்டு.

கூட்டத்தைப் பற்றிய முடிவுகள் எல்லாம் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. இத்தனை வண்டி போகிறது, ஆகவே சாலை இவ்வளவு அகலம். இத்தனை பேர் குடிக்கிறார்கள், ஆகவே தண்ணீர் இவ்வளவு. எண்ணிக்கை வேண்டியதுதான். அது இல்லாமல் திட்டம் போட முடியாது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது.

ஏலத்தோட்ட ஜீப்புகளையே எடுத்துக்கொள்வோம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்கள். அதிகாலை இருட்டிலும் மாலை மழையிலும் கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாகப் போகிறார்கள். விபத்து நேர்கிறது. சில நாட்களுக்குச் சோதனை கடுமையாகிறது. பிறகு பழைய கதைதான். பல ஆண்டுகளாக நடப்பது இதுவே.

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அதிக நடை அடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படி ஆகும். தோட்டக்காரருக்கு நேரத்துக்கு ஆள் வேண்டும். தொழிலாளிக்கு அன்றைய கூலி வேண்டும். மூவருடைய அவசரமும் ஒரே ஜீப்பில் ஏறுகிறது. அபாரதம் போட்டால் மட்டும் இது தீராது. வேலைக்குப் போகிற நேரத்தை அறிந்து பஸ் விடுவது, ஜீப்பில் ஏறுவோர் எண்ணிக்கைக்கு உண்மையான வரம்பு கட்டுவது, அந்தச் செலவில் தோட்ட முதலாளிக்கும் பங்கு வைப்பது என்று பல வழிகளை யோசிக்க வேண்டும். யோசிப்பதற்கு முதல்படி, அந்த ஜீப்புக்குள் இருப்பது யார் என்று ஊர் அறிவது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மதுரை மாநகருக்கு லோயர் கேம்ப்பிலிருந்தே குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வகுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய்.

மதுரையில் குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கும் பெண்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் ஆட்சேபித்தார்கள். "ஆற்றில் போகும் தண்ணீரைக் குழாயில் எடுத்தால் எங்கள் நெல்லும் வாழையும் திராட்சையும் என்ன ஆவது? வைகை அணையிலிருந்து எடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. மதுரைக் குழாயடிக் கூட்டத்தையும், கூடலூர் வயலில் நாற்று நடும் கூட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து வைத்துப் பார்த்தால், யாரும் யாருக்கும் எதிரி அல்ல என்பது விளங்கும். இரண்டு படத்திலும் அதே குனிந்த முதுகு! இரண்டு படத்திலும் அதே தண்ணீர்!

அணைத் தகராறிலும் அதுவே பாடம். தமிழகத்து விவசாயிக்குப் பயிர் காய்ந்துவிடுமோ என்று கவலை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் வாழ்கிறவருக்கு வெள்ளம் வந்துவிடுமோ என்று அச்சம். நீதிமன்றமும் நிபுணர்களும் அணையின் உறுதியை ஆராயட்டும். அது அவர்கள் வேலை. ஆனால் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்திலும் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று அறிவது எல்லோருடைய வேலை.

முகம் தெரியாமல் போனவர்கள்

லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பென்னிகுவிக்கின் சிலை இருக்கிறது. அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அணையை அவர் ஒருவரே கட்டவில்லை.

காட்டுக்குள் கல் சுமந்தார்கள். சுண்ணாம்பு அரைத்தார்கள். மலேரியாக் காய்ச்சலில் பலர் மாண்டார்கள். கட்டிய பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது மறுபடியும் கட்டினார்கள். எட்டு வருஷம் நடந்தது இந்த வேலை. அந்தக் கூலிக்காரர்களின் முகங்களை இன்று யாருக்கும் தெரியாது. அவர்களும் ஒரு கூட்டம்தான். கூட்டமாகவே வந்தார்கள். கூட்டமாகவே மறைந்தார்கள்.

இன்று காலையில் ஜீப்பில் போன பெண்களும் அப்படி மறைய வேண்டுமா? உலகச் சந்தைக்குப் போகும் ஏலக்காயில் அவர்கள் விரல் பட்டிருக்கிறது. பாயசத்தில் மணக்கும் ஏலக்காயை முகர்கிறவர்கள் அந்த விரலை நினைப்பதில்லை.

யார் போடலாம் இந்தப் படம்?

இதற்குப் பெரிய ஓவியர்தான் வரவேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். செலவு அதிகம் இல்லை.

முறையும் சுலபமானதுதான். டீக்கடை பெஞ்சு போன்ற ஓர் ஓரத்தில் உட்கார வேண்டும். முதலில் பின்னால் இருக்கும் மலையின் கோடு. பிறகு சாலையின் கோடு. அதன் பிறகு தலைகள். நிற்பவர்களின் தலைகள் பெரும்பாலும் ஒரே உயரத்தில் வரும். கிட்டத்தில் இருப்பவரைப் பெரிதாகவும், எட்டத்தில் இருப்பவரைச் சிறிதாகவும் போடவேண்டும். எல்லோரையும் வரைய முயன்றால் ஒருவரும் அமையமாட்டார். இரண்டு பேரை நன்றாக வரைந்து, மற்றவர்களைக் கோடுகளாக விட்டுவிடலாம். கீழே இடத்தின் பெயர், தேதி, நேரம் எழுத வேண்டும். பேச்சில் கேட்ட ஒரு வரியையும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

சில ஜாக்கிரதைகளும் உண்டு. மின் நிலையம், சோதனைச்சாவடி போன்ற பாதுகாப்பு உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் உட்காரக்கூடாது. கிட்டத்தில் இருக்கும் ஒருவரை வரைந்தால், படத்தை அவரிடம் காட்டவேண்டும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சாலை ஓரத்தில் முதுகைக் காட்டி உட்காரக்கூடாது. சிறு பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு போகவேண்டும்.

ஒரு வருஷம் இப்படி வரைந்தால் என்ன ஆகும்? தையில் பொங்கல் பானை, சித்திரையில் மலை ஏறும் பாட்டி, ஆடியில் மழைத்தாள் போர்த்திய பெண்கள், கார்த்திகையில் இருமுடி சுமக்கும் சாமிகள் எல்லாம் ஒரே நோட்டில் சேர்ந்துவிடும். அதுவே லோயர் கேம்ப்பின் சரித்திரம் ஆகிவிடும். பொங்கல் விழாவின்போது அந்தப் படங்களை ஒரு சுவரில் வரிசையாக ஒட்டி வைத்தால், விழாவுக்கு வரும் அதிகாரிகளும் மந்திரிகளும் பார்ப்பார்கள். ஜீப்பில் இருக்கும் நெரிசலை மனுவில் படிப்பது வேறு. படத்தில் பார்ப்பது வேறு!

மாலை ஆகிறது. மலைமேலிருந்து ஜீப்புகள் இறங்கி வருகின்றன. காலையில் உறங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது களைத்துத் திரும்புகிறார்கள். தூக்குச்சட்டி காலியாக இருக்கிறது. முந்தானையில் கூலி முடிந்திருக்கிறது. வழியில் இறங்கிக் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்கு நடக்கிறாள். அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகள் காத்திருக்கும்.

டீக்கடை ஓரத்தில் ஒரு சிறுவன் நோட்டுடன் உட்கார்ந்திருந்தால், அவன் பென்சில் அவளைப் பிடித்திருக்கும். கூட்டத்திலிருந்து ஒரு முகம் ஊருக்குக் கிடைத்திருக்கும்.

தலைகளை எண்ணுவது சர்க்காரின் வேலை. முகங்களைப் பார்ப்பது ஊராரின் வேலை!